“யொங்மி!” – கர்லிங்கை நேரில் கண்ட அனுபவங்கள்

கொரியாவில் இருந்தவர்:

2018 பிப்ரவரியில் நான் சுவோனில் வேலை பார்த்தேன். பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் நடந்த மாதம் அது. ஆபீஸ் கேன்டீன் டிவியில் முதலில் ஸ்கேட்டிங்தான் ஓடியது. பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு வட்டத்தின் நடுவுக்கு நெருக்கமாக நிறுத்துகிற ஆட்டம்தான் கர்லிங். கொரியப் பெண்கள் அணி அதில் கனடாவையும் சுவீடனையும் வென்றதும் எல்லார் பேச்சும் அதுவாகிவிட்டது. லீக் சுற்றில் ஒன்பது ஆட்டத்தில் எட்டு வெற்றி. தோற்றது ஜப்பானிடம் மட்டும்.

அரையிறுதியிலும் அதே ஜப்பான். 23ஆம் தேதி இரவு. நண்பரிடம் ஒரு டிக்கெட் மிஞ்சியிருந்தது, போட்டி நடந்த காங்னுங் நகரத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

டிவியில் வராத ஒன்று அந்தக் கல்லின் சத்தம். கிட்டத்தட்ட இருபது கிலோ கிரானைட், பனிமேல் போகும்போது தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டே போகிறது. அதற்கு மேலாக கேப்டன் கிம் உன்‑ஜங்கின் குரல். “யொங்மி!” என்று இழுத்தால் ஒரு அர்த்தம், வெடுக்கென்று கத்தினால் வேறு அர்த்தம். கிம் யொங்‑மி அவருடைய பள்ளித் தோழி, கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறவர். அக்காவிடம் ஏதோ கொடுக்க மைதானத்துக்கு வந்த தங்கை கியொங்‑ஏவும் அப்படியே ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாராம். அணியில் பெரும்பாலானவர்கள் பூண்டுக்குப் பேர்போன உயிசொங் ஊரில் ஆடிப் பழகியவர்கள்.

இரண்டு அணியும் மாறிமாறிக் கல் விடுகிற ஒரு சுற்றுக்கு எண்டு என்று பேர்; கடைசியாகக் கல் விடுகிறவர்களுக்குத்தான் சாதகம். பத்தாவது எண்டில் கடைசிக் கல் கொரியாவின் கையில் இருந்தது. அப்படியிருந்தும் ஒரு புள்ளியைப் பறிகொடுத்தார்கள். 7‑7. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூடுதல் எண்டிலும் கடைசிக் கல் உன்‑ஜங்குக்குத்தான். அவர் கைப்பிடியை விட்டதும் அத்தனை கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டது. கல் மெதுவாக வட்டத்துக்குள் வந்து, ஜப்பான் கல்லைவிட நடுவுக்கு நெருக்கமாக நின்றது. 8‑7. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இறுதி ஆட்டத்தில் கேப்டன் அன்னா ஹாசல்போரியின் சுவீடன் அணி 8‑3 என்று வென்றது. சரி, அவர்கள் அன்று நன்றாக ஆடினார்கள். ஆனால் ஆசிய அணி ஒன்று ஒலிம்பிக் கர்லிங் இறுதிவரை வந்தது அதுவே முதல்முறை. அந்த வெள்ளியை நான் குறைவாக நினைக்கவே மாட்டேன்.

ஸ்கார்பரோவில் இருந்து:

அண்ணா, வாசிக்கவே மெய் சிலிர்க்குது. இங்கே கனடாவில் பிப்ரவரி வந்தாலே பெண்கள் கர்லிங் டிவியில் ஓடிக்கொண்டிருக்கும். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் எங்கள் ஜெனிஃபர் ஜோன்ஸ் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் எடுத்ததைப் பார்த்த பிறகுதான், பக்கத்து கிளப்பில் புதியவர்களுக்கு நடத்தின வகுப்புக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பனி கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். கிட்டக் குனிந்து பார்த்தால் முழுக்கப் பொடிப்பொடியான புள்ளிகள். வாசல் தெளிக்கிற மாதிரி தண்ணீரைத் துளித்துளியாகத் தூவி உறைய விடுகிறார்கள். அந்தப் புள்ளிகளுக்கு மேல்தான் கல் ஓடுமாம், அதைச் சற்று உருக்கத்தான் அவ்வளவு தேய்ப்பும். நான் மூன்று கல்லுக்குத் தேய்த்தேன், அடுத்த நாள் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. ஒரு ஆட்டத்தில் பத்து எண்டு, எண்டுக்கு ஒரு அணிக்கு எட்டுக் கல். அந்தப் பெண்கள் எப்படித்தான் தாங்குகிறார்களோ!

மகள் விட்ட ஒரு கல் வட்டத்தின் ஓரத்தில் போய் நின்றது. எதிரணியில் ஆடின, எழுபது வயது இருக்கும் அம்மா ஒருவர் ஓடிவந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

கொரியாவில் இருந்தவர்:

தங்கச்சி, மகள் இன்னும் ஆடுகிறாளா? படம் இருந்தால் போடுங்கள்.

ஸ்கார்பரோவில் இருந்து:

ஓம் அண்ணா, செவ்வாய்க்கிழமை தோறும் போகிறாள். இப்போது அவள்தான் கேப்டன். வீட்டிலும் அதே கத்தல்தான்.