ஃபவுண்டேஷன் பிரியுது, போட்டோவில் முகம் வெள்ளையா வருது: அவசர உதவி

மண்டபம் அழகுப்பெட்டி:
அக்காமாரே, அண்ணன்மாரே, அவசரம். நேத்து ஒரு கல்யாண மேக்கப். முடிச்சப்ப கண்ணாடியில நல்லாத்தான் இருந்துச்சு. தாலி கட்டி முடியறதுக்குள்ள மூக்கு ஓரத்திலயும் மேல் உதட்டுக்கு மேலயும் பேஸ், அதான் பூசின ஃபவுண்டேஷன், பிரிஞ்சு திட்டுத் திட்டா நிக்குது. போட்டோ அதைவிட மோசம், முகம் சாம்பல் பூத்த வெள்ளை, கழுத்து வேற நிறம். வீடியோவில அப்படித் தெரியல. ஃபவுண்டேஷன் புதுசு, 24 மணி நேரம் நிக்கும்னு டப்பாவில போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை ராமேஸ்வரத்துல இன்னொரு பொண்ணு இருக்கு. நான் நடத்துற பக்கத்துல இதோட ரிவ்யூவும் இன்னிக்கு ராத்திரி போடணும். மட்டமான சரக்குன்னு எழுதிரலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

தேவிபட்டினம் டைரி:
அடியில என்ன போட்டீங்க? சன்ஸ்கிரீன் உண்டா? பிரைமர்? மேல எந்தப் பவுடர்? கல்யாண மண்டபத்துல ஏசி இருந்துச்சா? பொண்ணுக்கு எண்ணெய்ச் சருமமா, வறண்டதா? இதெல்லாம் தெரியாம யாரு என்ன சொல்ல முடியும்?

பாம்பன் தூரிகை:
பிரைமர்தான் காரணம். சிலிக்கான் பிரைமர் மேல தண்ணி ஃபவுண்டேஷன் போட்டா ஒட்டாது, வழுக்கிக்கிட்டுப் போய்த் திட்டா நிக்கும். டப்பாவைத் திருப்பி ரெண்டுலயும் இருக்கிற பொருள் பட்டியலைப் பாருங்க. கோன், மெத்திக்கோன், சைலாக்ஸேன்னு முடியற பேர் முதல் நாலஞ்சுக்குள்ள இருந்தா சிலிக்கான். பிரைமர் அதுவா இருந்து ஃபவுண்டேஷன் தண்ணியில ஆரம்பிச்சா பொருந்தாது. ஒண்ணை மாத்துங்க, சரியாயிரும்.

கடல்காத்து:
தண்ணியையும் பாக்கணும். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. அதுல சோப்பு போட்டுப் பிரஷ் கழுவினா நுரைக்குப் பதிலா ஒரு பிசுக்குப் படலம் முடிக்குள்ள தங்கிரும். அந்தப் பிரஷ்ஷால தேச்சா பேஸ் கோடு கோடா இழுபடும். ஸ்பாஞ்சை எந்தத் தண்ணியில நனைச்சீங்க?

நெய்தல் நிறம்:
இங்க ஏற்கெனவே பலமுறை எழுதியிருக்கேன், தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. ரெண்டு தனித்தனிக் கோளாறை ஒண்ணாக் கட்டிக் கேக்குறீங்க. பிரியறதுக்குக் காரணம் வேற, வெள்ளையாத் தெரியறதுக்குக் காரணம் வேற. ரெண்டையும் ஒரே டப்பா தலையில போட்டு ரிவ்யூ எழுதினா படிக்கிறவங்களுக்குத்தான் நட்டம்.

பாம்பன் தூரிகைக்கு: தண்ணியில ஆரம்பிக்கிற பட்டியலை வச்சு முடிவு பண்ணக்கூடாது. இன்னிக்கு வர்ற திரவ ஃபவுண்டேஷன்ல பலது தண்ணித்துளியைச் சிலிக்கானுக்குள்ள அடைச்ச கலவை. முதல் பேர் தண்ணி, அடுத்த பேரே சைக்ளோபென்டாசைலாக்ஸேன். தோலைத் தொடற வெளிப்பக்கம் சிலிக்கான்தான். பட்டியலை விட்டுட்டு, பிரைமர் ஒரு சொட்டு, ஃபவுண்டேஷன் ஒரு சொட்டு புறங்கையில கலந்து அஞ்சு நிமிஷம் விடுங்க. திரிஞ்ச பாலாட்டம் துணுக்குத் துணுக்காப் போனா பொருந்தாது. வழவழன்னு இருந்தா பிரைமர் மேல பழி போடாதீங்க.

லென்ஸ் தம்பி:
வீடியோவில இல்ல, போட்டோவில மட்டும் இருக்குன்னு சொன்னதுலயே பாதி விடை இருக்குதுக்கா. வீடியோ லைட்டு பக்கவாட்டுல, மேலேர்ந்து வரும். கேமரா மேல மாட்டுற ஃப்ளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாப்புல நேரா முகத்துல அடிக்கும். முகத்து மேல வெளிச்சத்தைச் சிதறடிக்கிற துகள் இருந்தா அது அப்படியே லென்ஸுக்குத் திரும்பும். போட்டோ எடுத்தவர் வெளிச்சத்தைப் பரப்பி விடற டிஃப்யூசர் போட்டாரா, கூரையில அடிச்சுத் திருப்பினாரா, நேரா அடிச்சாரா? தகரக் கொட்டகையும் பந்தல் துணியும்னா திருப்ப இடம் இருக்காது, நேராத்தான் அடிச்சிருப்பாங்க.

கீழக்கரை லாத்தா:
எங்க ஊர்ல ராத்திரிக் கல்யாணம் அதிகம், முழுக்க ஃப்ளாஷ்தான். அதனால இதுல ஒண்ணு உறுதியாச் சொல்லலாம்மா. வெள்ளைக்கு மூணு பொருள் பொறுப்பு: சன்ஸ்கிரீன்ல வர்ற ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு, அப்புறம் ஹெச்டி பவுடர்னு விக்கிற நிறமில்லாப் பவுடர்ல வர்ற சிலிக்கா. மூணாவதுதான் ரொம்பப் பேரை ஏமாத்தும். டப்பாவில வெள்ளையா இருக்கும், தோல்ல போட்டா காணாமப் போயிரும், கண்ணாடியிலயும் தெரியாது. ஃப்ளாஷ் அடிச்சாக் கண்ணுக்குக் கீழ சுண்ணாம்பு அடிச்சிரும். சன்ஸ்கிரீன் ஜெல்லுன்னு எழுதியிருந்தாலும் நம்பாதீங்க, பட்டியல்ல டைட்டானியம் இருக்கான்னு பாருங்க.

மண்டபம் அழகுப்பெட்டி:
சன்ஸ்கிரீன் உண்டு, எஸ்பிஎஃப் 50. பிரைமர் உண்டு. பவுடர் நிறமில்லாதது. காலையில நலங்கு வச்சு எண்ணெய்க் குளியல் ஆச்சு. ஏசி இல்ல. பொண்ணு வீட்ல கொஞ்சம் வெளுப்பாக் காட்டச் சொன்னாங்க, அதனால அவ நிறத்தைவிட ரெண்டு ஷேடு வெளுப்பாத் தூக்கிப் போட்டேன்.

கீழக்கரை லாத்தா:
பாருங்க, முக்கியமானது கடைசியில வருது. ஷேடு தூக்கினா ஃபவுண்டேஷனுக்குள்ளயே டைட்டானியம் கூடும், வெளுப்பு நிறமே அதுலதானே வருது. மாநிறத் தோல்ல அந்த வெள்ளை சாம்பலாத்தான் தெரியும். அடியில சன்ஸ்கிரீன், நடுவுல வெளுத்த ஷேடு, மேல பவுடர். மூணும் ஒரே திசையில தள்ளுது.

உச்சிப்புளி சிட்டு:
ஷேடு தூக்காம எப்படிக்கா? அம்மாமாரு விடுவாங்களா? காசு குடுக்கிறவங்க கேட்டதைப் போட்டுத்தானே ஆகணும்.

கீழக்கரை லாத்தா:
விட மாட்டாங்கதான். ஆனா ஆல்பத்துல முகம் சாம்பலா நின்னா அதே அம்மா நம்மளைத்தான் கேப்பாங்க. தாடை ஓரத்துல மூணு ஷேடைக் கோடு கோடாப் போட்டு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் விட்டு, ஜன்னல் வெளிச்சத்துல நிறுத்தி, ஃபோன் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. சொல்லிப் புரிய வைக்கிறதைவிடப் படம் காட்டுறது லேசு. பளிச்சுனு வேணும்னா கன்னத்து மேட்டுல, மூக்குத் தண்டுல அரை ஷேடு மட்டும் வெளுத்த கன்சீலர் போதும். முகம் முழுக்க வெளுக்க வேணாம். பொண்ணோட நிறம் பொண்ணோட நிறம்தான், அதை அழிக்கிறது நம்ம வேலையில்ல.

உச்சிப்புளி சிட்டு:
அப்ப சன்ஸ்கிரீனே போடாம விட்டுட்டா ஒரு பிரச்சினை கொறையுமே?

நெய்தல் நிறம்:
ராத்திரி ரிசப்ஷனுக்கு சன்ஸ்கிரீன் தேவையில்ல, விடுங்க. பகல் முகூர்த்தம் முடிச்சு தனுஷ்கோடி கடைசியில இருக்கிற அரிச்சல்முனைக்கு போட்டோ எடுக்கப் போற பொண்ணுக்கு அது வேணும். வெயில் மேலேர்ந்து மட்டுமில்ல, மணல்லயும் தண்ணியிலயும் பட்டுக் கீழேர்ந்தும் அடிக்குது. டைட்டானியமும் ஜிங்க்கும் இல்லாத சன்ஸ்கிரீன் எடுங்க, முகத்துக்கும் கழுத்துக்கும் சேத்து ரெண்டு விரல் நீளம். அதுக்கு மேல கை வைக்காமப் பத்து நிமிஷம் விடணும். நம்ம கடற்கரைப் புழுக்கத்துல இன்னும் அஞ்சு நிமிஷம் கூட்டுங்க, ஈரக்காத்துல எதுவும் சீக்கிரம் காயாது. காயாத சன்ஸ்கிரீன் மேல பிரைமரைத் தேச்சா அழுக்கு உருட்டின மாதிரி உருண்டு வரும். இந்த அடிப்படையைக்கூடத் தெரிஞ்சுக்காம ஆர்டர் எடுக்கிறது சரியில்ல.

தேவிபட்டினம் டைரி:
நெய்தல், தகவல் சரி, அந்தக் கடைசி வரி வேணாம். கேக்க வர்றவங்களை விரட்டினா நாளைக்கு யாரும் கேக்க மாட்டாங்க. அழகுப்பெட்டி, ஒரு கேள்வி: இந்த ஃபவுண்டேஷன் காசு குடுத்து வாங்கினதா, கம்பெனி அனுப்பினதா?

மண்டபம் அழகுப்பெட்டி:
அனுப்பினது. ரிவ்யூவுக்குத்தான்.

தேவிபட்டினம் டைரி:
அப்ப அதைப் பதிவோட தலையிலயே சொல்லணும். விளம்பரத் தர நிர்ணய மன்றத்தோட விதிமுறை 2021 ஜூன் 14 முதல் நடப்புல இருக்கு. காசு வாங்கினா மட்டுமில்ல, பொருள் இலவசமா வந்தாலும் சொல்லியாகணும். 'மேலும் படிக்க'வுக்குக் கீழ ஒளிச்சு வைக்கக்கூடாது, ஹேஷ்டேக் கூட்டத்துல புதைக்கக்கூடாது. வீடியோன்னா படத்து மேலயே எழுத்து வரணும்.

பாம்பன் தூரிகை:
திட்டி எழுதற ரிவ்யூவுக்கு எதுக்கு அது? புகழ்ந்தாத்தானே விளம்பரம்?

தேவிபட்டினம் டைரி:
திட்டினாலும் சொல்லிருங்க. இன்னிக்கு இதைத் திட்டுவீங்க, அடுத்த வாரம் அதே கம்பெனியோட லிப்ஸ்டிக்கைப் புகழ்வீங்க. படிக்கிறவங்களுக்கு உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள தொடர்பு ரெண்டு தடவையும் தெரியணும்.

பாம்பன் தூரிகை:
இலவசமா வந்த எல்லாத்துக்கும் எழுதினா சின்னப் பக்கம் வச்சிருக்கவங்களுக்கு யாரும் பொருளே அனுப்ப மாட்டாங்க. பெரிய ஆளுங்களுக்குச் சரி.

தேவிபட்டினம் டைரி:
சின்னப் பக்கத்தைப் படிச்சு வாங்குற பொண்ணு குடுக்கிறதும் அதே காசுதான். இதுல சின்னது பெரிசு கிடையாது.

லென்ஸ் தம்பி:
சண்டை அப்புறம். ரிவ்யூ எழுதறதுக்கு முன்னாடி இந்தச் சோதனையைப் பண்ணிருங்கக்கா, அரை மணி நேரம் போதும். ஒரு முகத்தை நாலு கட்டமாப் பிரிங்க. வலது நெத்தியில ஃபவுண்டேஷன் மட்டும். வலது கன்னத்துல ஃபவுண்டேஷன், மேல பவுடர். இடது நெத்தியில சன்ஸ்கிரீன், மேல ஃபவுண்டேஷன். இடது கன்னத்துல மூணும். அறையை இருட்டாக்கி, ஃபோன்ல பியூட்டி மோடை அணைச்சுட்டு, மூணடி தள்ளி நின்னு ஃப்ளாஷ் போட்டு எடுங்க. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துல ஃப்ளாஷ் இல்லாம ஒண்ணு. கன்னம் ரெண்டும் மட்டும் வெளுத்தா பவுடர். இடது நெத்தியும் வெளுத்தா சன்ஸ்கிரீன். வலது நெத்தியே வெளுத்தாத்தான் ஃபவுண்டேஷன். ரெண்டு படத்தையும் பதிவுல போட்டா ரிவ்யூவுக்கே மதிப்புக் கூடும்.

கடல்காத்து:
பிரியறதுக்கு யாரும் முடிவு சொல்லல. எண்ணெய்க் குளியல்னு எழுதியிருக்காங்க, அதைக் கவனிங்க. நல்லெண்ணெயும் மஞ்சளும் மூக்கு மடிப்புல, முடி ஓரத்துல தங்கும். அரப்பு போட்டுக் குளிச்சாலும் முழுசாப் போகாது. தலையில தேங்காயெண்ணெய் வேற வச்சா வெக்கையில நெத்திக்கு இறங்கும். மேக்கப்புக்கு முன்னாடி, முகத்து எண்ணெய், அழுக்கை எடுக்கிற மிசெல்லர் வாட்டர் நனைச்ச பஞ்சால மூக்கு ஓரம், தாடை, முடி எல்லையைத் துடைங்க, பஞ்சுல மஞ்சள் வராத வரைக்கும். அப்புறம் கேன் தண்ணியில ஒரு தடவை முகம் கழுவட்டும்.

உப்புத்தண்ணியைச் சும்மா சொல்லல. ஜெல் சன்ஸ்கிரீன், ஜெல் பிரைமர் பலதுல கெட்டி குடுக்கிறது கார்போமர். உப்புப் பட்டா அது நீர்த்துப் போயிரும். போர் தண்ணியில நனைச்ச ஸ்பாஞ்சால ஒத்தினா அடியில இருக்கிற ஜெல் உடையும். வேர்வையிலயும் உப்புதான். ஸ்பாஞ்சைக் கேன் தண்ணியில நனைச்சு, துணியில சுத்தி இறுக்கிப் பிழிங்க. பிரஷ்ஷுக்குச் சோப்பு வேணாம், ஷாம்பு போட்டுக் கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில.

நெய்தல் நிறம்:
கார்போமர் பத்திச் சொன்னது சரி. இன்னொண்ணு: மூக்கு ஓரமும் மேல் உதடும்தான் முதல்ல வேர்க்கும், அங்கதான் எல்லாரும் கனமாப் போடுறாங்க. அங்க பேஸ் மெல்லிசா, ஸ்பாஞ்சுல மிஞ்சினது மட்டும் போதும். ரெண்டு மெல்லிய பூச்சு, நடுவுல ரெண்டு நிமிஷம். பவுடரைப் பிரஷ்ஷால துழாவாம பஃப்பால அழுத்தி வைக்கணும். செட்டிங் ஸ்ப்ரே ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல தள்ளிப் பிடிச்சு அடிச்சு, கைவிசிறியால காய வைக்கணும், கடல் காத்துல தானாக் காயும்னு விடக்கூடாது. ஹோமப் புகையில உக்காந்ததும் கூட இருக்கவங்க கர்சீப்பால துடைப்பாங்க, அதுலதான் பாதி உரியுது. தோழிகிட்ட டிஷ்யூவை ஒத்தை மடிப்பாப் பிரிச்சுக் குடுத்து, ஒத்தி எடுக்க மட்டும் சொல்லுங்க. வேர்வையை எடுக்காம அது மேலயே பவுடர் போட்டா களியாயிரும்.

உச்சிப்புளி சிட்டு:
அரிச்சல்முனையில காத்துக்கு என்ன பண்றது? முடி உதட்டுல ஒட்டிக்குது, மணல் கன்னத்துல ஒட்டுது.

கீழக்கரை லாத்தா:
அங்க உதட்டுக்குப் பளபளப்பான லிப் கிளாஸ் போடாதீங்க, மேட் லிப்ஸ்டிக்தான். கன்னத்துல கிரீம் ஹைலைட்டர் வேணாம், பிசுக்கு இருந்தா மணல் ஒட்டும். ஒட்டின மணலைத் துடைச்சாத் தோல் கீறும், காஞ்ச பெரிய பிரஷ்ஷால தட்டி விடுங்க. கச்சான் காத்து பலமா வீசுற மாசம்னா காலையிலயே எடுத்து முடிச்சிருங்க.

மண்டபம் அழகுப்பெட்டி:
நாலு கட்டம் பண்ணியாச்சு. வலது கன்னம் வெளுத்துச்சு, இடது கன்னம் அதைவிட. நெத்தி ரெண்டும் பரவால்ல. பவுடர் பட்டியல்ல முதல் பேரே சிலிக்கா. பிரைமர் புறங்கையில திரியல. ரிவ்யூ இன்னிக்குப் போடல. ஞாயிறு வேலை இருக்கு, அப்புறம் வர்றேன். எல்லாருக்கும் நன்றி.

லென்ஸ் தம்பி:
எந்த ஷேடுல சோதிச்சீங்க, தூக்கினதா, சொந்த நிறமா? சொந்த நிறம்னா நெத்தி பரவால்லாமத்தான் இருக்கும். தூக்கின ஷேடுலயும் ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு ரிவ்யூ எழுதுங்கக்கா.

கடல்காத்து:
ஸ்பாஞ்சு எந்தத் தண்ணின்னு இன்னும் சொல்லல.