டொங்கிள் என்று கேட்டால் என்ன தருவார்கள்?

கேள்வி: ஹட்டன் கடைகளில், கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் செருகும் சின்னத் துண்டான டொங்கிள் கேட்டால் ஒருவர் சிம் போடுவதைத் தருகிறார், இன்னொருவர் வைஃபை அடாப்டரை நீட்டுகிறார். எப்படிக் கேட்க வேண்டும் அண்ணே?

பதில்: சிம் போட இடமிருந்தால் 4ஜி மோடம் தம்பி. சிம் இல்லாமல் வீட்டு ரவுட்டரின் சிக்னலைப் பிடிப்பது வைஃபை அடாப்டர். வயர்லெஸ் மவுஸோடு வரும் நகமளவு துண்டு ரிசீவர். பெரும்பாலும் வேறு மவுஸுக்குச் சேராது, பத்திரம்.

பதில்: 1980களில் மென்பொருளின் திருட்டுப் பிரதி ஓடாமலிருக்க கம்ப்யூட்டரில் செருகிய சாவிக்குத்தான் முதலில் டொங்கிள் என்று பெயர்.

பதில்: லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) சிக்னல் குறைவென்றால் யூஎஸ்பி நீட்டு வயர் போட்டு மோடத்தை ஜன்னலில் வையுங்கள். 5 மீட்டரைத் தாண்ட வேண்டாம். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி, லைன் விட்டு விட்டுப் போகும்.