டிவியில் சொன்ன 21 நாள் கணக்கு: அத்தையிடம் என்ன சொல்வது?

சிவகாசி மருமகள்:
என் பையனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். ‘அம்மா’, ‘தா’, ‘காக்கா’ என்று எண்ணிப் பார்த்தால் எட்டு வார்த்தை தேறும். எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அங்கே நிறுத்துவான். பேச்சு தாமதம்தான், எனக்கும் தெரியும். டாக்டரிடம் காட்டலாம் காட்டலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன வாரம், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பதினோரு மணி நிகழ்ச்சி ஒன்றை அத்தை பார்த்திருக்கிறார். நான் வேலை முடிந்து வந்ததும் யூடியூபில் அதையே போட்டுக் காட்டினார். போன் பார்த்து வளரும் பிள்ளைக்கு ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ வருமாம், போனை நிறுத்தினால் 21 நாளில் சரியாகிவிடுமாம். கோட் போட்ட ஒருவர் சொல்கிறார். “அப்போ எல்லாம் அம்மாக்கள் கையிலதான் இருக்கு, இல்ல சார்?” என்று தொகுப்பாளினி கேட்டதும் ஒரே கைதட்டல். கீழே ஒரு செல் நம்பர் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து போன் பீரோ மேல். ரசம் சோறு ஊட்டும்போது நான் போன் காட்டியது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அத்தையின் சீரியலை அவர் மடியில் உட்கார்ந்து இவனும்தான் பார்க்கிறான். டிவி கணக்கில் வராது போல. இன்றோடு ஒன்பது நாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தினமும் ஒரு கோடு போட்டு வைக்கிறார் (எங்கள் ஊரில் காலண்டருக்கா பஞ்சம்). “இவ வேலைக்குப் போனதால வந்தது” என்று பக்கத்து வீட்டிலும் சொல்லியாகிவிட்டது.

இந்த 21 நாள் கணக்கு உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட் அப்பா:
21 நாளைப் பற்றி எனக்குத் தெரியாது. அந்தக் கைதட்டல் எப்படி வருகிறது என்று தெரியும். பிள்ளையை அடிக்கலாமா கூடாதா என்று ஒரு விவாத நிகழ்ச்சிக்குப் போய் ‘அடிக்கலாம்’ பக்கம் உட்கார்ந்தவன் நான். காலை ஒன்பதுக்கு உள்ளே போனோம், வெளியே வரும்போது இருட்டிவிட்டது. நான் சொன்னது, “கோபத்துல ஒரு தடவை அடிச்சிட்டேன், அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.” இன்னும் அழுத்தமாகச் சொல்லுங்கள் என்று மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். ஒளிபரப்பில் வந்தது “அடிச்சிட்டேன்” வரைக்கும்தான். என் தூக்கத்தை வெட்டிவிட்டார்கள். மாமனார் வீட்டில் இன்னும் அந்தப் பெயர் போகவில்லை.

அப்புறம், கீழே செல் நம்பர் ஓடினால் உஷார். காலை நேர மருத்துவ நிகழ்ச்சிகளில் பல, கிளினிக்காரர்களே காசு கொடுத்து வாங்கும் நேரம். ‘விளம்பரதாரர் நிகழ்ச்சி’ என்று பொடி எழுத்தில் வந்து போகும்.

மழலைக் காது:
பேச்சுப் பயிற்சியாளராக 14 வருடம் ஆகிறது. ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று ஒரு நோய் மனநல மருத்துவர்கள் பார்க்கும் டிஎஸ்எம்-5 கையேட்டிலும் கிடையாது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலிலும் கிடையாது. அதற்காகப் போன் நல்லது என்று அர்த்தமில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் சொன்ன அளவு: இரண்டு வயது வரை உறவினரோடு எப்போதாவது வீடியோ கால் தவிர எந்தத் திரையும் வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அத்தையின் சீரியலும் இதில் அடக்கம்! திரை ஓடும் நேரத்தில் வீட்டில் யாரும் பிள்ளையோடு பேசுவதில்லை, பெரிய நஷ்டம் அதுதான்.

போன் பீரோ மேலேயே இருக்கட்டும். ஆனால் 21 நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பேசாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. ஓஏஈ, தேவைப்பட்டால் பெரா என்று காது கேட்கிறதா எனப் பார்க்கும் டெஸ்ட்கள் இருக்கின்றன. தூங்க வைத்தே எடுப்பார்கள், வலி இல்லை. ஆட்டிசம் சந்தேகத்துக்கு ‘எம்-சாட்’ என்ற 20 கேள்வித் தாள் இருக்கிறது, 16 முதல் 30 மாதம் வரை. உங்கள் பையன் அந்த வயதுக்குள்தான் இருக்கிறான். அதுவும் சல்லடைதான், முடிவு டாக்டர் சொல்வது. மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேளுங்கள், இலவசம்.

ஆட்டிசம் சந்தேகத்தில் நாங்கள் பார்ப்பவற்றில் ஒன்று, கவனித்துச் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுத்துப் போகும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறானா?

கரிசல் சித்தி:
டிவியை ஒரேயடியாகத் திட்ட வேண்டாம். அக்கா பிள்ளைக்குச் சேனை வைக்க அம்மா தேன் வாங்கி வைத்திருந்தார். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கும் கிருமி பிள்ளையைப் படுக்க வைத்துவிடும் என்று ஒரு டாக்டரம்மா டிவியில் சொன்னதைக் கேட்டுத்தான் விட்டார். நாங்கள் சொன்னபோது கேட்கவில்லை. அந்த டாக்டரம்மா நம்பர் எதுவும் கொடுக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

சிவகாசி மருமகள்:
இரண்டு நாளாகக் கவனித்தேன். பிரிட்ஜ் முன்னால் நிறுத்திவிட்டுக் கதவைப் பார்க்கிறான், உடனே திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான். காக்கா வந்தாலும் விரல் நீட்டிவிட்டு என்னைப் பார்க்கிறான்.

காது டெஸ்ட் என்று சொன்னதும் அத்தை கோபப்படுவார் என்று நினைத்தேன். உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு, “ஐப்பசி அடைமழையில இவனுக்கு ரெண்டு தடவை காது வடிஞ்சுச்சே, நீ வேலைக்குப் போயிருந்த, நான்தான் துடைச்சேன்” என்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது. திங்கட்கிழமை போகிறோம். அத்தையும் வருகிறார்.