வீடே சூளையாகும்போது: ரே மீக்கரின் மண் கலை குறித்து ஒரு கேள்வி

கேள்வி (பாளையங்கோட்டை ஆசிரியை):
அமெரிக்காவில் கட்டடக்கலையும் சுடுமண் கலையும் பயின்ற ரே மீக்கர், 1971-இல் டெபோரா ஸ்மித்துடன் இணைந்து புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார். பச்சைச் செங்கல்லால் வீடு கட்டி, அதனுள் சுடாத செங்கற்களையும் பாண்டங்களையும் அடுக்கி, நாள்கணக்கில் தீ மூட்டி வீட்டையே சுட்டெடுத்த அவருடைய சோதனைகள் என்னை விட்டு அகலவில்லை. பானை வனையும் ஒருவர் வீடு சுடத் துணிந்தது ஏன்? பானை வனையும் ஊரான காருகுறிச்சியில் சக்கரத்தின் அருகில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஏதேனும் பழகியதாகத் தோன்றுகிறதா?

பதில் 1 (திருநெல்வேலி, கட்டடப் பொறியாளர்):
அவர் படித்த கட்டடக்கலையில்தான் விடை இருக்கிறது. பச்சை மண் மழையில் கரையும், சுட்ட மண் கரையாது. ஆகவே குறைந்த செலவில் நிலைக்கும் வீட்டை மண்ணாலேயே முடிக்கலாம் என்று அவர் எண்ணினார். ஈரானில் கட்டடக் கலைஞர் நாதிர் கலீலி இதை முன்பே முயன்றிருந்தார். உள்ளே வெந்த செங்கற்களையும் பாண்டங்களையும் விற்று எரிபொருள் செலவை ஈடுகட்டுவது என்பது நேர்த்தியான கணக்கு. ஆயினும் ஒரு வீட்டைச் சுடத் தேவைப்படும் எரிபொருள் மிக அதிகம் என்பதை நாம் மறைக்கக் கூடாது.

பதில் 2 (சேரன்மகாதேவி வட்டாரம்):
அம்மா, நான் காருகுறிச்சிப் பக்கத்து வேளார் வீட்டுப் பிள்ளை. எங்களிடம் சுவர் எழுப்பிய சூளை கிடையாது. குளத்து மண்ணில் மணல் சேர்த்து மிதித்து, சக்கரத்தில் வனைந்து, அடி திறந்திருக்கும் பானையின் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டி மூடி, நிழலில் உலர்த்துவோம். பிறகு விறகைப் பரப்பி அதன்மேல் பானைகளை அடுக்கி, வைக்கோல் போர்த்திச் சேறு மெழுகிவிட்டால், அடுக்கிய பானைகளே சூளையாகிவிடும். மீக்கரின் வீடு எனக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். ஆனால் எங்கள் சூளையில் ஒரு பானை வெடித்தால் போவது ஒரு பானைதான். அவருடைய வளைகூரை விரிசல் விட்டால் மாதக்கணக்கான உழைப்பே போய்விடும். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

பதில் 3 (ஸ்ரீவைகுண்டம்):
தீயை நம்பி வேலையை ஒப்படைப்பது பொருநைக் கரைக்குப் புதிதன்று. 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த ஆதிச்சநல்லூரின் கறுப்புச் சிவப்புப் பாண்டங்களைக் கூர்ந்து பாருங்கள். கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கரியை ஏற்றுக் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். ஒரே மண், ஒரே தீ, இரண்டு நிறம். தூரிகை தொடாத அந்த வண்ணம் வனைந்தவரின் திட்டமே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கேட்டவர்:
சேரன்மகாதேவி நண்பரே, உங்கள் விளக்கம் என் கேள்வியையே திருத்திவிட்டது. என் மாணவியரை அழைத்து வந்தால் சூளை வைப்பதைக் காட்டுவீர்களா?

பதில் 2:
தாராளமாக வாருங்கள், அம்மா. மழை ஓய்ந்துவிட்டால் மார்கழியில் பொங்கல் பானைகளுக்காக அடிக்கடி சூளை வைப்போம். மாலையில் வந்தால் சேறு மெழுகுவதைப் பார்க்கலாம். ஆறிய பிறகு மறுநாள்தான் பிரிப்போம், அதற்கும் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்.