70-இல் உறுமுகிற லோட்டஸ் செவன் ரெப்ளிகா: ஷாஃப்டை வெட்டியதில் தப்பா, மாட்டியதில் தப்பா?

காயில்கடை, கொழிஞ்சாம்பாறை எழுதியது:

வணக்கங்க. எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. இருபது வருஷமாகக் கிணற்று மோட்டாருக்கும் போர் மோட்டாருக்கும் காயில் கட்டுகிறேன். கார் வேலை தொழில் இல்லை. ஆனால் மூன்று வருஷமாக ராத்திரி எட்டு மணிக்குக் கடையைச் சாத்தினால், பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் அதுதான் வேலை.

வண்டி லோட்டஸ் செவன் மாதிரி, அதாவது பிரிட்டனின் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். கோயமுத்தூரில் ஒருவர் பாதி கட்டிவிட்டு நிறுத்தியதை வாங்கினேன். சதுரக் குழாயில் பற்றவைத்த ஃபிரேம், மேலே அலுமினியத் தகடு. இஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் மாருதி ஜிப்சி ஜீப்புடையது, 1298 சிசி. முன் வீலுக்கும் பின் வீலுக்கும் சக்தியைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸை எடுத்துவிட்டு கியர்பாக்ஸிலிருந்து நேராகப் பின் ஆக்ஸிலுக்கு ஷாஃப்ட் போகிறது. ஜிப்சியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் அந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் வரும். அதனால் இதில் ஸ்பீடோமீட்டர் கிடையாது, போனில் ஜிபிஎஸ் பார்த்துத்தான் வேகம்.

போன மாசி மாதம் இஞ்சினை 11 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். முன்னால் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடமே இல்லை, விரல் போகாத இடைவெளி. இஞ்சின் மவுண்ட் நான்கையும் நானே வெட்டி நானே பற்றவைத்தேன். பின் ஆக்ஸிலுக்குப் போகிற அந்த ப்ரொப்பல்லர் ஷாஃப்டை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து 11 சென்டிமீட்டர் குறைத்து வாங்கினேன். அதற்கு முன் இந்தத் தொந்தரவு இல்லை.

இப்போது 60 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல் ஆரம்பிக்கிறது. 70-இல் கண்ணாடி நடுங்கிப் பின்னால் வருகிற வண்டி தெரிவதில்லை. செட்டிப்பாளையம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்த்தது இது. பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டு போகிறேன். வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி இஞ்சினை ஐடிலில் விட்டாலும் உறுமல் நிற்கவில்லை. அப்படியென்றால் இஞ்சின் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இது உதவுமா தெரியவில்லை, காதில் விழுந்ததை எழுதுகிறேன். 85-இல் அந்த ஓசை அப்படியே என் கடைக்கு எதிரே கம்பத்தில் இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மரின் ஓசை. நாள் முழுக்கக் கேட்கிற ஓசை, எனக்குத் தப்பாது.

லேத்காரரிடம் போய்ச் சத்தம் போடலாமா, புது ஷாஃப்ட் செய்யலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

பொள்ளாச்சி லேத் எழுதியது:

தம்பி, சத்தம் போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. நான் நாற்பது வருஷமாக இந்த ஷாஃப்ட் வேலை செய்கிறேன், டிராக்டருக்கும் லாரிக்கும்.

ஷாஃப்டின் முனையில் இருக்கிற மடங்கும் இணைப்பு, அதாவது யூ ஜாயிண்ட், சாய்ந்து சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. முன்பக்கம் சீராகச் சுற்றினாலும் அடுத்த பக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு தரம் வேகம் கூடி இரண்டு தரம் குறையும். அந்தக் கூடுதல் குறைச்சலைப் பின்னால் இருக்கிற ஜாயிண்ட் திருப்பிச் சமன் செய்யும். அதற்குத்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கிற யோக், அதாவது கவையின் காதுகள் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும் என்பது. ஒன்று திரும்பிவிட்டால் சமன் ஆகாது, ஆட்டம்தான்.

ஷாஃப்டைக் கழற்றி மேஜையில் படுக்க வையுங்க. இரண்டு பக்கமும் ஜாயிண்ட் நடுவில் இருக்கிற சிலுவைத் துண்டு, அந்தக் கிராஸைக் கழற்றி, யோக் காதின் ஓட்டை வழியாக நேரான கம்பி ஒன்றை விட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்க. இரண்டும் ஒரே மட்டம் காட்ட வேண்டும். ஒரு பாகை முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

வெல்டிங்கில் தப்பு நடக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஸ்லிப் இருக்கிறதே, பல் வெட்டிய அந்தக் குழாய், அதைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போட்டாலும் இதே கதைதான். அதையும் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போங்க.

---

கரும்பனை, வேலந்தாவளம் எழுதியது:

அண்ணா, எனக்கு டெம்போவில் இதே மாதிரி வந்தது. ஷாஃப்டின் மேல் ஹோஸ் கிளிப் இரண்டு மாட்டி, அதன் திருகுத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்து பேலன்ஸ் செய்தோம். அடங்கிவிட்டது. செலவே இல்லை.

---

பொள்ளாச்சி லேத் எழுதியது:

அது எடை ஒரு பக்கம் கூடினால் செய்கிற வைத்தியம். எந்த நோய் என்று தெரியாமல் கிளிப் மாட்டக் கூடாது. கோணத்தில் தப்பு இருந்தால் எத்தனை கிளிப் போட்டாலும் போகாது.

---

செட்டிப்பாளையம் பிட் எழுதியது:

நான் கோயமுத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை செய்கிறவன். உங்கள் ட்ரான்ஸ்ஃபார்மர் விஷயம்தான் இந்தக் கேள்வியிலேயே முக்கியமான வரி. கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமுவது அதன் இரண்டு மடங்கு, நொடிக்கு 100 என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது இரண்டு அளவு எடுங்கள். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு வண்டியைத் தள்ளி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அப்புறம் பின்வீல் இரண்டையும் தூக்கி இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒரு வீலை மட்டும் சுற்றினால் பாதிதான் காட்டும், கவனம்.

85-இல் ஷாஃப்ட் நொடிக்கு 100 தரம் சுற்றுகிறது என்று வந்தால் பேலன்ஸ் தப்பு. 50 தரம் என்று வந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு உதறல். அது லேத் அண்ணன் சொன்ன ஜாயிண்ட் கோணம்.

இதற்கிடையில் ஒன்று. செவன் மாதிரி வண்டியில் அந்த ஷாஃப்ட் இரண்டு சீட்டுக்கும் நடுவில், உங்கள் இடுப்பெலும்புக்கு ஒரு சாண் பக்கத்தில் சுற்றுகிறது. நடுவில் மெல்லிய தகடுதான். முன் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் 5 மில்லி பட்டையில் ஒரு வளையம் செய்து ஃபிரேமில் போல்ட் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் அதைப் போடாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஜாயிண்ட் விட்டுப்போனால் ஷாஃப்ட் வளையத்துக்குள் கிடக்க வேண்டும், உங்கள் மேல் வரக் கூடாது.

---

காயில்கடை, கொழிஞ்சாம்பாறை எழுதியது:

வளையம் இல்லாமல்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். நேற்றே செய்து போட்டுவிட்டேன், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

அளவு: டயர் ஒரு சுற்றுக்கு 1.85 மீட்டர். வீல் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.9 சுற்று. கணக்குப் போட்டால் 85-இல் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2987. அதாவது 3000 என்றே வைத்துக்கொள்ளலாம், இரண்டு போல் மோட்டாரின் சிங்க்ரனஸ் வேகம். நொடிக்கு 50. ஆக ஓசை அதன் இரண்டு மடங்கு.

சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, வீல் இரண்டையும் கழற்றி, ட்ரம்மை வீல் நட்டு போட்டு இறுக்கி ஓட்டினேன். கடையில் இருக்கிற டேக்கோமீட்டரை ட்ரம்முக்கு நேராகப் பிடித்தேன். ட்ரம் 630 ஆர்பிஎம் காட்டும்போது, அதாவது 70 கிலோமீட்டரில், அதே உறுமல். டயரும் இல்லை, வீல் பேலன்ஸும் இல்லை.

---

செட்டிப்பாளையம் பிட் எழுதியது:

ஸ்டாண்டை எங்கே கொடுத்தீர்கள்? ஃபிரேமுக்கு அடியில் கொடுத்தால் ஆக்ஸில் கீழே தொங்கும், கோணமே மாறிவிடும். ஆக்ஸில் குழாய்க்கு அடியில் கொடுக்க வேண்டும். டிரைவர் சீட்டில் உங்கள் எடையும் இருக்க வேண்டும். அந்த நிலையில் மூன்று கோணம் அளந்து எழுதுங்கள்: கியர்பாக்ஸ் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட், பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் சேருகிற பினியன் ஃபிளாஞ்ச். கியர்பாக்ஸும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் முன்னால் விழுகிற கோணமும் பின்னால் விழுகிற கோணமும் ஒன்றாகும்.

இஞ்சினை 11 சென்டிமீட்டர் பின்னால் தள்ளியதில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. உயர வித்தியாசம் அப்படியே இருக்க, ஷாஃப்ட் மட்டும் குட்டையானால் சாய்வு கூடும். சரிவான ஏணியைச் சுவருக்குப் பக்கத்தில் நகர்த்தின மாதிரி. முன்பு இருந்த சின்னத் தப்பு இப்போது பெரிதாகத் தெரியும். மேலிருந்தும் ஒரு தரம் பாருங்கள், இஞ்சின் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் அதுவும் கோணம்தான்.

---

சித்தூர் ஆத்தங்கரை எழுதியது:

வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வார்த்தை, பக்கத்து ஊர்க்காரன் என்பதால். ட்ராக்கில் மட்டும் ஓட்டுவது ரொம்பச் சரி, அப்படியே வையுங்க. பாடியை மாற்றின வண்டியை கோபாலபுரம் ரோட்டில் ஒரு தரம் பார்க்கலாம் என்று ஆசை வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில், கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று இருக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் போடலாம். பிரிட்டனில் கையால் கட்டின ஒற்றை வண்டிக்கென்றே ஐவிஏ என்று ஒரு சோதனை இருக்கிறது, தேறினால் ரோட்டில் ஓட்டலாம். நம் ஊரில் வீட்டில் கட்டுகிறவருக்கு அப்படி ஒரு வழி வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

---

காயில்கடை, கொழிஞ்சாம்பாறை எழுதியது:

ரொம்ப நன்றிங்க. ரோட்டில் இறக்க மாட்டேன். அந்த வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து பிக்கப்பில்தான் போகிறது.

விஷயம் பிடிபட்டுவிட்டது, விவரமாகவே எழுதுகிறேன். ஸ்டாண்டை முதலில் ஃபிரேமுக்குத்தான் கொடுத்திருந்தேன். மாற்றி ஆக்ஸிலுக்குக் கொடுத்தேன். என் எடை 71 கிலோ. சீட்டில் ஒரு சிமெண்ட் மூட்டை, அதன் மேல் 20 கிலோ காப்பர் வயர். அளந்ததில் கியர்பாக்ஸ் வால்பக்கம் 3 பாகை கீழே. பினியன் மூக்கு 1 பாகைதான் மேலே. ஷாஃப்டின் சரிவு 5.5. அப்படிப் பார்த்தால் முன் ஜாயிண்டில் 2.5, பின் ஜாயிண்டில் 4.5. இணையே இல்லை.

ஆக்ஸிலைப் பிடிக்கிற மேல் லிங்க் இரண்டிலும் திருகி நீளம் மாற்றுகிற எம்12 ராட் எண்ட், மரை ஒரு சுற்றுக்கு 1.75 மில்லி. மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் நடுவில் 150 மில்லி. 2 பாகை வேண்டுமென்றால் 5.2 மில்லி நீட்ட வேண்டும், மூன்று சுற்று. ஆனால் ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பினியன் மூக்கு தானே கொஞ்சம் மேலே ஏறும் என்று செட்டிப்பாளையம் அண்ணன் போனில் சொன்னதால் இரண்டரைச் சுற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் ஷாஃப்ட். கழற்றி மேஜையில் வைத்து ரசமட்டம் பிடித்தேன். ஒரு முனை மட்டம், இன்னொரு முனையில் குமிழி ஓரத்துக்கே ஓடிவிட்டது. லேத்காரர் மேல் கோபத்தோடுதான் அடுத்த வேலையில் இறங்கினேன். வெல்டிங் எங்கே என்று பார்க்கக் குழாயின் பெயிண்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். அது நான் அடித்த கறுப்புப் பெயிண்ட். துடைக்கத் துடைக்க, ஸ்லிப்பின் உள் பாகத்தில் ஒரு பஞ்ச் குத்து தெரிந்தது. வெளிப் பாகத்தில் இன்னொரு குத்து. இரண்டும் நேராக இல்லை, ஒரு பல் தள்ளி நிற்கிறது. பல்லை எண்ணினேன், பதினாறு. ஒரு பல் என்றால் 22.5 பாகை.

அவர் வெட்டி, நேராகப் பற்றவைத்து, இப்படித்தான் சேர்க்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் குத்தியே கொடுத்திருக்கிறார். பெயிண்ட் அடிக்க ஸ்லிப்பைப் பிரித்தது நான், குத்தை மூடியது நான், ஒரு பல் தள்ளி மாட்டியதும் நான். மோட்டார் பிரிக்கும்போது எண்ட் கவரில் குத்து வைக்காமல் நான் ஒரு தரம்கூடப் பிரித்ததில்லை. இன்னொருவர் வைத்த குத்தை மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் காலை அவர் பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் குழாயைக் கையில் வாங்கிக் குத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆழமாக் குத்தியிருக்கணும்" என்றார்.

குத்துக்குக் குத்து நேராகச் சேர்த்து மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை செட்டிப்பாளையம். 70-இல் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியின் நம்பர் படிக்க முடிகிறது. 85-இல் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லை.

95-க்கு மேல் மட்டும் மெல்லிசாக ஒரு நடுக்கம் இருக்கிறது. பழைய உறுமல் இல்லை, இது அதைவிடத் தணிந்த ஓசை, பாதி சுருதி. ஒரு சுற்றுக்கு ஒரு உதறலாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

---

பொள்ளாச்சி லேத் எழுதியது:

அதுதான் எடை. வெட்டியபோது பழைய பேலன்ஸ் தகடு எந்தப் பக்கம் போயிற்றோ. இப்போது கிளிப் மாட்டிப் பார்க்கலாம், வேலந்தாவளம் தம்பி சொன்ன மாதிரி. இல்லையென்றால் ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்கு வாங்க, மெஷினில் ஏற்றிப் பார்த்துவிடலாம். கழற்றும்போது ஃபிளாஞ்சிலும் குத்து வையுங்க, நாலு போல்ட்டும் எந்த ஓட்டையில் இருந்ததோ அதிலேயே திரும்பப் போக வேண்டும்.