பார்டர்லைன் என்று தெரிந்ததும் மாறிய முகங்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மருதாணி:
என் தங்கைக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு, அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் சட்டென்று தலைகீழாகும் மனநோய். அவளுடன் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டிருந்தாள். இங்குள்ளவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். பணியில் இருந்த மருத்துவர் முதலில் கனிவாகத்தான் பேசினார். "ரொம்ப வலிக்கிறதாம்மா?" என்றுகூடக் கேட்டார். பிறகு பழைய கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அதற்குமேல் அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. "இவர்களுக்கு இதே வேலைதான்" என்று என்னிடம் சொன்னார். கட்டுப்போட்ட அவர் கையிலும் முரட்டுத்தனம் வந்துவிட்டது. தங்கை வாயே திறக்கவில்லை. வலிக்கிறது என்றால் அதையும் நடிப்பு என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வடக்கு ஜன்னல்:
மருதாணி, மருத்துவர்களின் இந்தப் பார்வை இன்று நேற்று வந்ததில்லை. 1988-லேயே பிரிட்டனில் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இருவர் மனநல மருத்துவர்களிடம் நோயாளி விவரங்களைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். முன்பே ஆளுமைக் கோளாறு என்று கண்டறியப்பட்டவர் என்ற வரி இருந்த தாள்களுக்கு மட்டும் 'தொல்லை தருபவர், கவனத்தை ஈர்க்கப் பார்ப்பவர்' என்ற மதிப்பீடு கூடியது.

எனக்கே பார்டர்லைன்தான். கணவர் என் செய்தியைப் படித்துவிட்டுப் பதில் போடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவர் கூட்டம் முடிந்து வெளியே வருவதற்குள் பிரிவுக் கடிதம் எழுதி அனுப்பி, எண்ணையும் அழித்துவிட்டேன். விட்டுப் போய்விட்டார் என்று உடம்பே நம்பிவிடும். கை நடுங்கும், மூச்சு முட்டும். வீட்டுக்கு வந்தவர், "பயந்துவிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை எல்லோரும் "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அண்ணன்காரன்:
மருத்துவர்களையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கூட இருப்பவர்களைப் பற்றி யார் பேசுவது? என் தம்பிக்குக் காலையில் அம்மா தெய்வம். மாலையில், "என்னைப் பெற்றிருக்கவே கூடாது நீ" என்று கத்தினான். அம்மா கையில் அவனுடைய சட்டை, பாதி மடித்தபடி. அதை முழுதாக மடித்து வைத்துவிட்டுத்தான் அழப் போனார். களங்கம் சுமத்தக் கூடாது, சரி. எங்கள் காயத்தைச் சொன்னாலே களங்கம் என்றால் நாங்கள் எங்கே போவது?

மருதாணி:
அண்ணன்காரன் ஐயா, வீட்டாரை நான் எதுவும் சொல்லவில்லையே. சிகிச்சைக்கு வந்தவளை நடிப்பவள் என்றதைத்தான் சொன்னேன். இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

செவிலி:
மனநல வார்டில் பணியாற்றுகிறேன். பணி முடிந்து போகிறவர்கள் 'அந்த பார்டர்லைன் கேஸ்' என்றே நோயாளியை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பெண் என்னிடம், "என் பெயர் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன்காரன் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் இந்த நோய் என்பார்கள். அதனால் மருதாணியின் தங்கையும் உங்கள் தம்பியும் ஒரே அச்சில் இருக்க மாட்டார்கள். தெய்வம், பேய் என்று மாறி மாறித் தெரிவதும் அந்த ஒன்பதில் ஒன்று. அம்மாவின் வளர்ப்பில் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பேச்சு வழிச் சிகிச்சைதான் முதன்மை. அதில் கொதிக்கும் உணர்வுகளைக் கையாளப் பழக்கும் டிபிடி என்ற முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், இளம் வயதில் தாமும் மனநல மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. திருந்தாத ஜென்மம் என்ற பேச்சுக்கு ஆதாரமே இல்லை.

அவன் கொதிக்கும்போது நியாயம் பேசாதீர்கள். "உனக்கு வலிக்கிறது, தெரிகிறது" என்றால் போதும். அதனால் அவன் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. திட்டினால் அம்மா அறையை விட்டுப் போய்விடுவார், அரை மணி கழித்துத் திரும்பி வருவார் என்பதை அமைதியான நேரத்தில் சொல்லிவையுங்கள். சொன்னபடி திரும்பி வருவது முக்கியம். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். உடனே உதவி தேடுங்கள். இந்த நோயில் தற்கொலை ஆபத்து உண்மையானது.

அண்ணன்காரன்:
அமைதியான நேரம் என்கிறீர்கள். அந்த நேரத்தில் அவன் வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறான். அப்போது எப்படிப் பேச்சை எடுப்பது?

வடக்கு ஜன்னல்:
எடுக்காதீர்கள். கதவுக்கு வெளியிலிருந்து, சாப்பிட வா என்று கூப்பிடுங்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. மற்றதை மறுநாள் பேசலாம்.