பொருள்: ஸ்ட்ராப்பிங்குக்குச் சொல் வேண்டும் (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய சவரக்கத்தியை மறுபடியும் முகம் மழிக்கிற அளவுக்குக் கூராக்குவது பற்றி ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹோனிங், ஸ்ட்ராப்பிங் என்ற இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலாவது கல்லில் நடப்பது: 1000 கிரிட் (கல்லின் நுண்மையைக் காட்டும் எண்) கல்லில் தொடங்கி 4000, 8000 என்று ஏறி, 12000 வரை போகும். இரண்டாவது தோல்வாரில், ஒவ்வொரு தடவை மழிப்பதற்கு முன்னும் செய்வது. நாம் இரண்டையும் ‘தீட்டுவது’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சிக்கல் அங்கேதான். கல்லில் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, முன்னே போக வேண்டும். வாரில் முதுகு முன்னே போய், வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும். ‘பிறகு வாரில் தீட்டவும்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் கல்லில் செய்தது போலவே வாரிலும் வாயை முன்னே தள்ளிவிட்டார். வாரில் இப்போது பிறை மாதிரி ஒரு வெட்டு. கத்தியும் மழுங்கிவிட்டது.

*

மறு: ஸ்ட்ராப்பிங்குக்குச் சொல் வேண்டும்

ஐயா, முதல் வரியிலேயே தடுக்கி விழுந்திருக்கிறீர்கள். சவரம் என்பது க்ஷௌரத்தின் திரிபு. வள்ளுவர் ‘மழித்தலும் நீட்டலும்’ என்று சொல் எடுத்துக் கொடுத்திருக்கும்போது நமக்கேன் கடன்? மழிகத்தி என்க. ‘மழிக்கத்தி’ அன்று, வினைத்தொகை, வலி மிகாது. மழ என்ற வேருக்கே வழவழப்பு என்பதுதான் பொருள் என்பது என் துணிபு. மழவு, மழலை, மழுக்கு, மழுங்கு எல்லாம் அங்கே முளைத்தவை. முடி போன கன்னமும் மழமழ, கூர் போன கத்தியும் மழுங்கல்! சாணையும் வேண்டாம், அதுவும் வடசொல்லே. கல்லுக்குத் தீட்டுகல், ஸ்ட்ராப்புக்குத் தீட்டுவார். முடிந்தது.

*

மறு: மறு: ஸ்ட்ராப்பிங்குக்குச் சொல் வேண்டும்

> ஸ்ட்ராப்புக்குத் தீட்டுவார்

யார் தீட்டுவார்? ‘தீட்டுவாரை ஆணியில் மாட்டி இறுக்கிப் பிடிக்கவும்’ என்று அச்சில் வந்தால் படிக்கிறவர் ஆளைத் தேடுவார். அப்புறம், ‘தீட்டு’ என்று தலைப்பில் தனியாக நின்றால் என் வகுப்பில் பாதிப் பேர் வேறு தீட்டைத்தான் நினைப்பார்கள். சாணை பிடிக்கிறவரிடம் போய் அது வடசொல் என்று சொல்லிப் பாருங்கள். பேசாமல் தோல்பட்டை என்று எழுதுங்கள், எல்லாருக்கும் புரியும்.

*

மறு: மறு: மறு: பட்டை (ஸ்ட்ராப்பிங்குக்குச் சொல் வேண்டும்)

அம்மா, பட்டை நல்ல சொல்தான். ஆனால் அதை நான் பெவலுக்கு, அதாவது வாயை ஒட்டித் தேய்ந்து உருவாகும் சரிவான பரப்புக்கு, செலவழித்துவிட்டேன். வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோமே, அந்தப் பட்டை. சவரக்கத்தியில் அதுதான் உயிர். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படியும்படி படுக்க வைத்துத் தேய்க்கிறோம். முதுகின் தடிமனே கோணத்தைப் பார்த்துக்கொள்ளும். பொதுவாக 16, 17 பாகை வரும். இரு பக்கப் பட்டைகளும் ஒரு கோட்டில் சந்திக்காதவரை 12000 கல்லில் நாள் முழுக்கத் தேய்த்தாலும் பயனில்லை. விளக்கின் கீழ் வாயை நேராகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரியும்: சந்தித்த இடம் இருட்டாக இருக்கும், சந்திக்காத இடத்தில் ஒளி ஒரு புள்ளியாக மின்னும். கையேட்டில் இந்தப் பக்கம் முழுக்க ‘பட்டை’ வருகிறது. நடுவில் தோல்பட்டையும் வந்தால் குழப்பம்தான்.

பிசிறு (தீட்டும்போது வாயில் எழும் மெல்லிய உலோக நுனி) பற்றி நல்லவேளையாக யாரும் சண்டை போடவில்லை.

*

மறு: நீவு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘நீவு’ சரிவராதா? பூனையை நீவிவிடுகிறோம். முடி படிந்திருக்கும் போக்கிலேயே கை போகும். எதிர்த்துத் தேய்த்தால் அதை நீவுவது என்று யாரும் சொல்வதில்லை. வாரில் கத்தி செய்வதும் அதுதான், வாய் பின்னால் படிந்து வருகிறது. திருப்பும்போதும் முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். ஆகவே கல்லில் தீட்டல், தோலில் நீவல். ஸ்ட்ராப்புக்கு நீவுதோல். திசையைச் சொல்லே காட்டிக்கொடுக்கும்.

*

மறு: மறு: நீவு

நீவுதல் என்றால் கடத்தல், மீறுதல் என்றும் பொருள் உண்டு, அகராதியைப் பாருங்கள். கூர் மீறுவதா? ‘அரம்போலும் கூர்மையர்’ என்கிறாரே வள்ளுவர், அந்த அரத்தை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? அரம் தான் கூரானதா, பிறவற்றைக் கூராக்குவதா என்று ஒரு தனி இழை தொடங்கலாம்...

*

மறு: மறு: மறு: நீவு

தயவுசெய்து தனி இழையிலேயே தொடங்குங்கள் ஐயா, நானும் வருகிறேன். இன்று வியாழன் இரவு. கையேட்டில் தீட்டல், நீவல், நீவுதோல் என்று போட்டுவிட்டேன். சாணைக்கல் அப்படியே இருக்கிறது. தலைப்பில் சவரக்கத்தி, மழிகத்தி கடைசிப் பக்கச் சொற்பட்டியலில். நான்கு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் பதில் போடவில்லை.

*

மறு: மறு: மறு: மறு: நீவு

சொற்பட்டியலிலா? மழிகத்தி கடைசிப் பக்கத்துக்கா? என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். அதோடு, உங்கள் ஏழாம் பக்கத்தில் தோலுக்கு முன்னால் லினன் துணியில் 20 முறை இழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதையும் நீவுதோல் என்றே எழுதியிருக்கிறது. துணி எப்போது தோலாயிற்று?